அம்மாவின் முழங்காலும் வீட்டுக்கு ஒரு ஜீப்பும்: புதியதா, பாவித்ததா?

போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றுதான் எங்கள் சின்னக் கார் எவ்வளவு தாழ்வு என்பது எனக்கு உறைத்தது. அம்மா குனிந்து, தலையைச் சாய்த்து, ஒரு காலை உள்ளே வைத்து, மற்றதை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். இறங்கும்போது நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அடுத்த கிளினிக்குக்குப் பக்கத்து வீட்டு வான் வண்டியில் போனோம். அதில் படி உயரம், ஏறவே பெரும்பாடு. திரும்பி வரும் வழியில் அம்மா சொன்னார்: "கட்டில்ல இருந்து எழும்புற மாதிரி ஒண்டப் பாருங்க பிள்ளை."

அப்படித்தான் எங்கள் தேடல் தொடங்கியது. ஏழு மாதம் எடுத்தது. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அம்பாறை என்று கார் சேல் என்ற வாகன விற்பனை நிலையம் ஒன்றையும் விடவில்லை. கொழும்புப் பக்கமும் இரண்டு முறை போய் வந்தோம். பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் நான்கைந்து பேர் இப்போது இதே கேள்வியோடு நிற்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நிலத்திலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும் எதையும் நாங்கள் ஜீப் என்போம். விற்கிறவர்கள் குரொசோவர் என்பார்கள், எஸ்யூவி என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை உடம்பு உயர்ந்த கார்கள்தான். ஹொண்டா வெசல், ஃபிட் காரின் அடித்தளத்தில் எழுந்தது. யாரிஸ் குரொஸ், யாரிஸ் காரின் அடித்தளத்தில். அதனால் வயல் வரம்பு, ஆற்று மணல் எல்லாம் இவற்றால் ஆகும் என்று எண்ணி வாங்கக் கூடாது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஐந்து பேர் இருக்க இடம், அம்மா தானாக ஏறி இறங்கும் உயரம், படுவான்கரையில் அம்மாவின் வயலுக்கு வெல்லாவெளிப் பக்கம் போய் வரும்போது அடி தட்டாத இடைவெளி, வருடத்துக்கு ஒருமுறை கதிர்காமம். கணவர் வேலைக்கு அம்பாறைக்குப் பைக்கில் போகிறவர், மாரியில் மட்டும் கார். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 12,000 கிலோமீற்றர் ஓட்டம்.

நடுவில் இல்லாத ஐந்து வருடங்கள்

வெளிநாட்டு ஆலோசனைகளில் எல்லாம் ஒரே வாக்கியம் வரும்: மூன்று நான்கு வருடம் ஓடிய வாகனத்தை வாங்குங்கள், முதல் உரிமையாளர் பெரிய விலைச்சரிவைத் தாங்கியிருப்பார், வாகனமோ இன்னும் இளமையாக இருக்கும். நல்ல ஆலோசனைதான். ஆனால் நம் நாட்டில் அப்படி ஒரு வாகனமே கிடைப்பது அரிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஆகவே இங்கே பதிவாகி ஓடும் குரொசோவர்களில் பெரும்பகுதி 2020க்கு முந்தியது. இல்லாவிட்டால் 2025க்குப் பின் வந்தது. இடையில் ஐந்து வருடம் வெறுமையாகக் கிடக்கிறது. கார் சேலில் போய் நின்றால் இது கண்ணுக்கே தெரியும்: ஒரு பக்கம் பளபளவென்று இலக்கத்தகடு போடாதவை, மறுபக்கம் 2014, 2015, 2017 ஆண்டுகள்.

எனவே "புதியதா பாவித்ததா" என்ற கேள்வி நமக்கு மூன்றாகப் பிரிகிறது. முகவரிடம் எடுக்கும் பிராண்ட் நியூ ஒன்று. ஜப்பானில் கொஞ்சம் ஓடி, இங்கே இன்னும் பதியாத ரீகண்டிஷன் இரண்டாவது. கார் என்றால் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதை இறக்க விடுவதில்லை. இங்கேயே பல வருடம் ஓடிய பதிவு வாகனம் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் வரி முழுவதும் உங்கள் தலையில்தான். உற்பத்தி வரியை எஞ்சின் கொள்ளளவு பார்த்துப் போடுகிறார்கள், கொள்ளளவு ஏற ஏற வீதமும் ஏறுகிறது. அதற்கு மேல் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) இருக்கிறது. 996 சீசீ எஞ்சின் உள்ள டொயோட்டா ரெய்ஸ் இவ்வளவு பேரின் வாயில் அடிபடுவதற்கு இந்த வரிக் கணக்கு ஒரு பெரிய காரணம். அப்படியிருந்தும் அது ஒரு கோடியைத் தாண்டித்தான் நிற்கிறது.

மூன்றாவது வகையின் விலையும் விசித்திரமானது. இறக்குமதி இல்லாத காலத்தில், 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, பத்து வருடம் ஓடிய வாகனத்தை வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்கள் உண்டு. அந்தக் கதைகளை நம்பி இன்றைக்கு யாரும் வாங்க வேண்டாம். கதவு திறந்துவிட்டது; வாகனத்தைக் காணி மாதிரி நினைத்த காலம் முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அம்மாவை ஏற்றிப் பார்த்தது

எல்லாரும் நிலத்திலிருந்து அடிப்பக்கம் எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள். நாங்கள் இருக்கை விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தையல் நாடாவால் அளந்தோம். அம்மா திரும்பி நின்று பின்புறமாக இருந்தால் இடுப்பு நேரே இருக்கையில் படவேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு 60 சென்ரிமீற்றர் அளவு பொருந்தியது. உங்கள் வீட்டுப் பெரியவரின் உயரத்துக்கு அது மாறும். ஆளைக் கூட்டிப் போகாமல் இதைத் தீர்மானிக்கவே முடியாது. கார் சேலில் வெயிலில் நிற்க வைக்க மனம் வராமல் முதல் மாதம் நாங்கள் மட்டும் போனோம், அது வீண் அலைச்சலாகப் போனது.

இந்த ஒரு சோதனை பட்டியலைப் பாதியாக்கியது. டொயோட்டா சீ-எச்ஆர் பார்க்க அழகு, அதன் 1.8 ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) பெயர் பெற்றது. ஆனால் ஜப்பானில் விற்ற, முன்சில்லு மட்டும் இழுக்கும் ஹைபிரிட் வகையின் அடி இடைவெளி 140 மில்லிமீற்றர்தான், ஒரு சாதாரண காரின் அளவு. பின்கதவின் கைபிடி ஜன்னல் ஓரத்தில் மேலே இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கு எட்டாது. பின் ஜன்னலும் சிறியது. பயணத்தில் சத்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வெளியே பார்க்க இடம் வேண்டும். வெசலிலும் பின்கைபிடி மேலேதான், ஆனால் உள்ளே இடம் தாராளம். எரிபொருள் தாங்கியை முன் இருக்கைக்குக் கீழே வைத்திருப்பதால் பின்னிருக்கையின் அடிப்பலகையை மேலே மடித்து நிறுத்தலாம். ஊன்றுகோல், நடைவண்டி எல்லாம் நிமிர்த்தியே வைக்கலாம். அம்மாவுக்கு அது பிடித்தது.

ரெய்ஸ் நான்கு மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் குறைவான நீளம், அகலம் 1,695 மில்லிமீற்றர், அடி இடைவெளி 185. காத்தான்குடி, கல்முனைக்குடி ஒழுங்கைகளில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் இந்த அளவின் அருமை புரியும். நிசான் எக்ஸ்-ட்ரெயில் இதற்கு நேர் எதிர்: 2014க்குப் பிந்திய வடிவம் 4.6 மீற்றருக்கு மேல் நீளம், உள்ளே மண்டபம் மாதிரி. எங்கள் வீட்டு வாசலில் அது திரும்பாது, அதோடு விட்டுவிட்டோம். மூன்று பிள்ளைகளும் வயதான இருவரும் உள்ள குடும்பம் என்றால் மூன்று வரிசை இருக்கை உள்ள பெற்றோல் எக்ஸ்-ட்ரெயிலை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

புதியது என்ற நிம்மதிக்கு என்ன விலை

புது வாகனத்தின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. வரலாறு சுத்தம். உத்தரவாதம் உண்டு. மோதலைத் தவிர்க்கத் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி முதலியவை புதிய வாகனங்களில் பரவலாக இருக்கின்றன. மன்னம்பிட்டி, வெலிக்கந்தைப் பக்கம் இரவில் மாடும் யானையும் குறுக்கே நிற்கும் வீதியில் ஓடுகிறவருக்கு நல்ல முன்விளக்கு ஒன்றே பெரிய காரணம்.

ஆனால் உத்தரவாதத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அது செல்லுபடியாக, குறித்த நேரத்தில் முகவரின் பணிமனையில் சேர்விஸ் செய்ய வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். முகவரின் கிளை நம் பக்கத்தில் இருக்கிறதா, இருந்தால் அங்கே எண்ணெய் மட்டும்தான் மாற்றுவார்களா, கியர்பெட்டியைக் கழற்றும் ஆள் இருக்கிறாரா என்று வாங்க முதல் நேரில் போய்க் கேளுங்கள். ரீகண்டிஷன் வாகனத்துக்கு விற்பவர் தரும் உத்தரவாதம் வேறு ரகம். எதற்கு, எவ்வளவு காலம், எங்கே திருத்துவது என்று எழுத்தில் இல்லாவிட்டால் அதை ஒரு பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடன். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பேச்சுக்கு 50 இலட்சம் லீசிங் எடுக்கிறோம், வருட வட்டி 14 வீதம், ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 1,16,000 ரூபாவுக்கு மேல் வரும். முடிவில் கட்டியிருப்பது ஏறக்குறைய 70 இலட்சம். வட்டி மட்டும் 20 இலட்சத்துக்குக் கிட்ட. இதோடு லீசிங் முடியும் வரை முழுக் காப்புறுதி கட்டாயம், அதன் தொகை வாகனத்தின் பெறுமதியோடு ஏறும். வாகனத்தின் முழு விலைக்கும் லீசிங் கிடைக்காது, மத்திய வங்கி அதற்கு ஒரு உச்ச வீதம் வைத்து அவ்வப்போது மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆக, பெரிய முற்பணமும் கையில் வேண்டும். இரண்டு அரசாங்கச் சம்பளம் வரும் வீட்டில்கூட மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் போனால் பிள்ளைகளின் படிப்புச் செலவில்தான் கை வைக்க வேண்டி வரும். எங்களால் அது முடியாது என்று அன்றே தெரிந்துவிட்டது.

ரெய்ஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைத் தயாரிப்பது டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு. 2023இல் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை டைஹாட்சுவே ஒப்புக்கொண்டது. மே மாதத்தில் ரெய்ஸ் ஹைபிரிட்டின் விற்பனையை நிறுத்தினார்கள்; டிசம்பரில் விசாரணைக் குழு 64 மாதிரிகளில் முறைகேடு கண்டதாக அறிவித்ததும் எல்லா வாகனங்களின் விநியோகமும் நின்றது. பிறகு ஜப்பான் அரசு சோதித்து, 2024இல் படிப்படியாக அனுமதித்தது. இதனால் ரெய்ஸை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று பார்த்து வாங்குங்கள். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் ஒரு லீற்றர் டர்போ ஒரு வகை. எஞ்சின் மின்சாரம் உண்டாக்க மட்டும் ஓடி, மோட்டார் சில்லைச் சுழற்றும் 1.2 ஹைபிரிட் வேறு வகை. டர்போ எடுப்பவர்கள் எஞ்சின் ஒயிலைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஹைபிரிட் மிச்சம் பிடித்துத் தருமா

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற யாருக்கும் எரிபொருள் பயம் இலேசில் போகாது. வாரத்துக்கு காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்களே, அந்த நாட்களில்தான் நம் ஆட்கள் ஹைபிரிட் பக்கம் இன்னும் சாய்ந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கணக்கையும் பார்ப்போம். வருடம் 12,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் வாகனத்துக்கு 1,000 லீற்றர் வேண்டும். 18 ஓடும் ஹைபிரிட்டுக்கு 667 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மிச்சம் வருடத்துக்கு ஒரு இலட்சம். புது ஹைபிரிட்டாக இருந்தால் அது கையில் நிற்கும். பத்து வருடம் ஓடிய ஹைபிரிட்டில் பெட்டரியோ கியர்பெட்டியோ ஒருமுறை மாற வேண்டி வந்தால் சில வருட மிச்சத்தை ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போய்விடும்.

நம் வீதிகளில் அதிகம் காணும் 2014, 2015 வெசல் ஹைபிரிட்டில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி. 2014 பெப்ரவரியில் ஃபிட் ஹைபிரிட்டையும் வெசல் ஹைபிரிட்டையும் அந்தக் கியர்பெட்டியின் மென்பொருளுக்காக ஹொண்டாவே ஜப்பானில் மீள அழைத்தது. அந்த மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்பதை அடிச்சட்ட (சேசிஸ்) இலக்கத்தை வைத்துப் பாருங்கள். இந்த வகைக் கிளச் எண்ணெயில் மூழ்காமல் உலர்ந்தே உராய்வது. நெரிசலில் அரை அடி அரை அடியாக ஊர்ந்தால் சூடேறும். கல்முனைச் சந்தையைக் கடக்கிற மாதிரி ஒரு பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உதறல் இருந்தால் அங்கேயே தெரியும். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசலில் இந்தக் கியர்பெட்டியே இல்லை, அமைப்பு முழுவதும் மாறிவிட்டது. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: பல ஹைபிரிட்களில் பெட்டரியைக் குளிராக்கும் காற்றுத் துவாரம் பின்னிருக்கைப் பக்கத்தில் இருக்கும். கல்லடிக் கடற்கரையிலிருந்து பிள்ளைகள் காலில் கொண்டுவரும் மணல், துவாய் நூல் எல்லாம் அதற்குள் போய் வலையை அடைக்கும். அதைக் கழற்றித் துப்புரவாக்கிய கடைசித் திகதியை உரிமையாளரிடம் கேளுங்கள். அப்படி ஒரு துவாரம் இருப்பதே தெரியாது என்றார் நாங்கள் சந்தித்த ஒருவர்.

மின்சார வாகனத்தையும் யோசித்தோம். வீட்டில் சோலார் உள்ளவர்களுக்கு, நாளாந்த ஓட்டம் தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி. எங்கள் வீட்டுக்கு 30 அம்பியர் ஒற்றை முனை இணைப்பு. வேகமாக ஏற்றும் 7 கிலோவாட் சார்ஜர் ஒன்றே அந்த முழுக் கொள்ளளவையும் கேட்கும். இரவிரவாக மெதுவாக ஏற்றலாம்தான். கதிர்காமப் பயணத்தை நினைத்து இப்போதைக்கு விட்டோம்.

வெள்ளமும் உப்பும்

பாவித்த வாகனத்தில் நம் மாவட்டங்களுக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு. கல்லடியிலிருந்து பொத்துவில் வரை வீதி கடலை ஒட்டியே போகிறது, கல்முனைப் பக்கம் வரை மறுபக்கம் வாவி. உப்புக்காற்று வருடம் முழுவதும் அடிக்கிறது. மேல்பூச்சு பளிச்சென்று இருக்கும். அடியில் பிரேக் குழாய், சைலன்சர், சில்லைத் தாங்கும் சட்டம் எல்லாம் பொரிந்து போயிருக்கும். வாகனத்தை உயர்த்தி, கையில் டோர்ச் எடுத்து அடியில் பார்க்காமல் முற்பணம் கொடுக்கவே கூடாது. ஜப்பானிலிருந்து வருவதென்றால் துரு இராது என்பதும் தவறு. அங்கே பனி பெய்யும் வட பகுதிகளில் வீதியில் உப்புத் தூவுவார்கள், நான்கு சில்லும் இழுக்கும் வகை அந்தப் பகுதிகளில்தான் கூடுதலாக ஓடுகிறது. நான்கு சில்லு வேண்டும் என்று ஆசைப்பட்டு எடுத்தால் அடிப்பக்கத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

வெள்ளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல இடங்களில் வாகனங்கள் மூழ்கின. கழுவித் துடைத்த வாகனத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். எங்களுக்கு ஏறக்குறைய முடிவாகிவிட்ட ஒன்று இருந்தது. விலை நல்லது, உள்ளே புது உறை, நல்ல வாசனை. எங்கள் கராஜ் அண்ணா பின் இருக்கைப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்தார். கடைசி முழத்தில் ஒரு மண்ணிறக் கோடு. பிறகு மேலதிகச் சில்லு வைக்கும் குழியைத் திறந்தார், மூலையில் மெல்லிய வண்டல். முன் இருக்கையின் அடி ஆணிகளில் துரு. விற்றவர் மழையில் ஜன்னல் திறந்து கிடந்தது என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். தண்ணீர் போன வாகனத்தில் கோளாறு உடனே வராது. வயர் முனைகளும் கணினிப் பெட்டியும் மெதுவாக அரித்து, ஆறேழு மாதத்தில் ஒவ்வொன்றாகத் தொடங்கும். ஹைபிரிட் என்றால் ஆபத்து இன்னும் கூட.

இதோடு சேர்த்து ஒன்று. ஜீப் என்றதும் வெள்ளம் மேவிப் பாயும் தாம்போதியைக் கடந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் போன மத்ரசா மாணவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இழுத்துப் போகும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரை மிதக்க வைக்கும். 185 மில்லிமீற்றர் இடைவெளி குழிகளுக்கு உதவும். ஓடும் தண்ணீருக்கு உதவாது. மாரியில் அந்த அம்பாறை வீதியில் தண்ணீர் நின்றால் கணவர் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

காகிதங்களும் அப்படித்தான், அலுப்புப் பார்க்கக் கூடாது. ரீகண்டிஷனுக்கு, ஏலத்தில் வாகனத்தின் நிலையைக் குறித்த ஜப்பான் ஏலத் தாள் கேளுங்கள். தரம் 4, 4.5 என்றால் நல்லது, ஆர் என்று இருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. தாளில் உள்ள வாகனப் படத்தில் ஏ கீறலையும், யூ நசுங்கலையும், டபிள்யூ தட்டி நிமிர்த்தியதையும், எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகத்தையும் குறிக்கும். விற்பவர் காட்டும் பிரதியை நம்பாமல் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து நீங்களாகத் தாளை எடுக்க வேண்டும். வெளியூரில் ஒரு இடத்தில் மீட்டரில் 29,000. நாங்கள் எடுத்த தாளில் 61,000. பதிவு வாகனம் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்து உரிமையாளர் யார், லீசிங் நிறுவனம் முழு உரிமையாளராக இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். இடையில் மூன்று பேர் கைமாறியும் பெயர் மாற்றாத ஓபன் பேப்பர் வாகனத்தை, விலை எவ்வளவு குறைந்தாலும், எடுக்க வேண்டாம்.

நாங்கள் எடுத்தது

கடைசியில் இரண்டு நின்றன: லீசிங்கோடு ரீகண்டிஷன் ரெய்ஸ், கையிருப்போடு பதிவு சுசூகி விட்டாரா. விட்டாரா ஹங்கேரியில் கட்டியது, 1.6 பெற்றோல், டர்போ இல்லை, ஹைபிரிட் இல்லை, பழைய முறையிலான ஆறு கியர் ஓட்டோ. கிழக்கில் உள்ள எந்த நல்ல கராஜிலும் இதைக் கழற்றிப் பூட்டப் பயப்பட மாட்டார்கள். ஒரே உரிமையாளர், சேர்விஸ் பதிவு முழுவதும் இருந்தது, உயர்த்திப் பார்த்ததில் அடி சுத்தம். அம்மா திரும்பி இருந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்தார், யாரும் பிடிக்கவில்லை. குறையும் உண்டு. பெற்றோல் கூடக் குடிக்கும். வெசலுக்கு ஜப்பானிலிருந்து வெட்டி வரும் பாவித்த உதிரிகள் கிடைக்கும் அளவுக்கு இதற்குக் கிடைக்காது. ஒரு முன்விளக்கு உடைந்தால் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் விட்டாராவை எடுத்தோம்.

எல்லாருக்கும் இதையே சொல்ல மாட்டேன். என்னோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியையின் கணவர் காத்தான்குடியில் வியாபாரம் செய்கிறார், வாரம் ஒருமுறை கொழும்பு, வருடம் 35,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், கடனும் தேவையில்லை. அவர்களுக்குப் புதிய யாரிஸ் குரொஸ் ஹைபிரிட்டோ இரண்டாம் தலைமுறை வெசலோதான் சரி என்று நானே சொன்னேன். அந்த ஓட்டத்துக்கு எரிபொருள் மிச்சம் வருடத்துக்கு மூன்று இலட்சத்தைத் தொடும். இரவுப் பயணம் வேறு. புதிய வாகனத்தின் பாதுகாப்பு வசதி அவர்களுக்கு வெறும் அலங்காரம் இல்லை.

வாங்கும்போது விலைக்கு அப்பால் 8 இலட்சத்தைத் தனியாக எடுத்து வைத்தோம். பாவித்த வாகனம் எடுக்கிற யாரும் இதைச் செய்ய வேண்டும். முதல் மாதத்தில் நான்கு டயர், பிரேக் கட்டை, கியர் ஒயில், கூலன்ட், 12 வோல்ட் பெட்டரி, அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, பெயர் மாற்றம் எல்லாமாக ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல் போனது. மீதி அப்படியே வங்கியில் இருக்கிறது. மாரிக்கு முன் வைப்பர் இரண்டையும் மாற்றி, அடிப்பக்கத்தை ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.